மிளகாய் ஆலைக்குப் பத்துக் கிலோவாற் சூரிய மின் தொகுதி: 18 மாதங்களின் பின் ஒரு மதிப்பீடு

இணுவிலில் எங்கள் குடும்பம் நடத்திவரும் சிறிய அரைவை ஆலையின் கூரையில் 2024 ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் பொருத்தப்பட்ட சூரிய மின் தொகுதியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஒவ்வொன்றும் 550 வாற் திறனுடைய 18 சோலர் பனல்கள், பனல் தரும் மின்சாரத்தை ஆலையில் பாவிக்கக்கூடியதாக மாற்றித் தருவதும் பற்றரியோடு சேர்ந்து இயங்குவதுமான, திறீ பேஸ் இணைப்புக்குரிய பத்துக் கிலோவாற் ஹைபிரிட் இன்வேட்டர், பத்து அலகு மின்சாரத்தைச் சேமிக்கக்கூடிய லிதியம் பற்றரி ஆகியவை இத்தொகுதியில் அடங்கும். எல்லாமாக 26 இலட்சம் ரூபாய் முடிந்தது. அதில் பெரும்பகுதி வங்கிக் கடன். பொருத்தித் தந்தது யாழ் நகரில் இயங்கும் ஒரு நிறுவனம். அதன் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை, இதே காலத்தில் சோலர் போட்ட வேறு மூன்று ஆலைக்காரரிடம் பேசியபோது அறிந்துகொண்டேன்.

எங்கள் ஆலையில் இரண்டு மோட்டர்கள் உள்ளன. மிளகாய், மல்லி, சரக்கு அரைக்கும் இயந்திரத்துக்குப் பத்துக் குதிரைவலு; அரிசி, குரக்கன், ஒடியல் அரைக்கும் இயந்திரத்துக்கு ஏழரைக் குதிரைவலு. சித்திரைப் புத்தாண்டு, தைப்பொங்கல் ஆகியவற்றுக்கு முந்திய வாரங்களை விட்டுப் பார்த்தால், மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 900 அலகு மின்சாரம் பாவிக்கிறோம். ஆலைச் செலவில் ஆட்கூலிக்கு அடுத்த இடம் மின்கட்டணத்துக்குத்தான்.

2022 ஆம் ஆண்டு ஆவணியில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தது. அதற்கு முந்திய ஒன்பது ஆண்டுகளாகக் கட்டணத்தில் உயர்வு இருக்கவில்லை. அந்த அதிர்ச்சி அடங்குமுன் 2023 மாசியில் மேலும் 66 சதவீதம் ஏறியது. அவ்வாண்டு ஆடியில் 14.2 சதவீதம் இறங்கி, ஐப்பசியில் மீண்டும் 18 சதவீதம் ஏறியது. ஒவ்வொரு ஏற்றத்தின் பின்னும் அரைகூலிப் பலகையை அழித்து எழுதவேண்டியிருந்தது. இரண்டு கிலோ மிளகாயும் ஒரு கிலோ மல்லியும் வறுத்துப் பையில் கட்டிக்கொண்டு நடந்து வரும் ஓர் அம்மா, எழுதியிருந்த தொகையைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, போனமுறை இதுக்கு எவ்வளவு எடுத்தனீ?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் பையில் இருந்த மல்லியைத் தனியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மிளகாயை மட்டும் அரைக்கத் தந்தார். மல்லியை வீட்டில் உரலில் இடித்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். எழுபது வயதைத் தாண்டியவர் அவர். சோலர் போடுவது என்று நான் முடிவெடுத்தது அன்றுதான்.

தொகுதியைப் பற்றிச் சொல்லுமுன், கட்டணம் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனெனில், இத்தொகுதி எனக்கு இலாபமா நட்டமா என்ற கேள்விக்கான விடை, என் கூரையில் விழும் வெயிலைவிட நுரைச்சோலைக் கடலில் நங்கூரமிடும் கப்பல்களில்தான் அதிகம் தங்கியுள்ளது.

இலங்கையின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நுரைச்சோலை அனல் மின்நிலையத்தில் நிலக்கரியை எரித்துப் பெறப்படுகிறது. 300 மெகாவாற் வீதம் மூன்று இயந்திரங்கள். முதலாவது 2011 இலும் மற்ற இரண்டும் 2014 இலும் சேவைக்கு வந்தன. அங்கு ஓர் அலகு மின்சாரம் பெற ஏறத்தாழ 400 கிராம் நிலக்கரி தேவை. இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை என்பதால் ஒவ்வொரு கிராமும் இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து டொலர் கொடுத்துக் கொண்டுவரப்படுவது. இந்த 400 கிராமைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020 நடுப்பகுதியில் உலகச் சந்தையில் நல்ல தர நிலக்கரி தொன் ஒன்று 55 டொலருக்குக் கிடைத்தது; டொலர் அப்போது 185 ரூபாய். அப்படியானால் ஓர் அலகுக்கான நிலக்கரி நான்கு ரூபாய். 2022 புரட்டாதியில் தொன் 400 டொலரைத் தாண்டியது. டொலரும் 360 ரூபாயை எட்டியிருந்தது. அந்த விலைக்கு அதே 400 கிராம் 57 ரூபாய். டொலரில் ஏழு மடங்கு ஏறிய பொருள் ரூபாயில் பதினான்கு மடங்கு ஏறியது. 2025 இல் தொன் 100 டொலர், டொலர் 300 ரூபாய் என்று கொண்டால் பன்னிரண்டு ரூபாய். இது சந்தை விலையை வைத்து நான் போட்ட கணக்கு. ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் கொள்வனவு விலை மாறும் என்பதால், வந்திறங்கிய ஒவ்வொரு கப்பலுக்கும் இது பொருந்தாது. ஆனாலும், எங்கள் அரைகூலிப் பலகை ஏன் அத்தனை தடவை அழிக்கப்பட்டது என்பதை இது எனக்கு விளக்கியது.

இதிலே கப்பல் கூலி சேரவில்லை. காப்புறுதி சேரவில்லை. கடலிலிருந்து கரைக்கு இறக்கும் செலவும் சேரவில்லை. நுரைச்சோலையில் பெரிய கப்பல் கரையோடு அணையக்கூடிய துறைமுகம் கிடையாது. ஏறத்தாழ 60,000 தொன் சுமந்து வரும் கப்பல் ஆழ்கடலில் நிற்க, அதிலிருந்து பார்ஜ் எனப்படும் தட்டைப் படகுகளில் நிலக்கரியை மாற்றி, இறங்குதுறைக்குக் கொண்டுவந்து, ஓடுபட்டியில் ஏற்றிக் களஞ்சியத் திடலுக்கு அனுப்புகிறார்கள். மூன்று இயந்திரங்களும் முழுத் திறனில் ஓடினால் அப்படி ஒரு கப்பல் ஏறத்தாழ ஒரு கிழமைக்குத்தான் போதும். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று தொடங்கினால் இந்த வேலையும் நின்றுவிடும். சித்திரை கடைசியிலிருந்து புரட்டாதி வரை அந்தப் பக்கக் கடல் கொந்தளிப்பாக இருப்பதால், அந்த மாதங்களுக்கான நிலக்கரியை முன்கூட்டியே இறக்கிக் குவித்து வைக்க வேண்டும். கேள்விப்பத்திரம் பிந்தினாலோ, இறக்குமதிக்கு வங்கி தரும் கடன் கடிதத்தைத் திறக்க டொலர் இல்லாமற் போனாலோ, வந்த கப்பல் காத்து நிற்கும் நாளுக்கெல்லாம் தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். தரம் குறைந்த நிலக்கரி வந்தாலும் அதே கதைதான்: ஒரு கிலோவில் உள்ள வெப்பம் குறைந்தால், அதே ஓர் அலகுக்கு இன்னும் அதிகம் எரிக்கவேண்டி வருகிறது, அதற்கும் சேர்த்துக் கப்பல் கூலி கொடுக்க வேண்டியும் வருகிறது. 2021 இறுதியில் உலகெங்கும் சரக்குக் கப்பல் கூலி 2008 க்குப் பின் கண்டிராத உச்சத்துக்குப் போனது. 2022 தையில் இந்தோனேசியா தன் நிலக்கரி ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்தியது. அதன் பின் உக்ரேன் போர். இவற்றில் எதையும் இணுவிலில் இருந்துகொண்டு நாங்கள் மாற்ற முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் எங்கள் மின்கட்டணப் பட்டியலுக்கு வந்து சேர்கிறது.

எரிபொருள் வரும் வழி அடைபட்டால் என்ன நடக்கும் என்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய பாடம் அல்ல. 1990 இல் தென்னிலங்கையுடனான மின்தொடர்பு அற்றுப்போன பின், ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள். என் அப்பா இந்த ஆலையை லிஸ்டர் இயந்திரத்தில் ஓட்டினார். பொருளாதாரத் தடைக் காலத்தில் எண்ணெய்க்குப் பட்டபாட்டை அவர் கடைசிவரை மறக்கவில்லை. அதன் பின் பல ஆண்டுகள் குடாநாட்டுக்குச் சுன்னாகத்தில் எண்ணெய் எரித்தே மின்சாரம் தரப்பட்டது. அந்த எண்ணெயின் கழிவு சூழவுள்ள கிணறுகளில் கலந்த விவகாரம் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் வரை 132 கிலோவோல்ற் மின்பாதை வந்தபோது, எரிபொருள் கவலை இத்தோடு தீர்ந்தது என்று அப்பா சொன்னது நினைவிருக்கிறது. கவலை தீரவில்லை, எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து நிலக்கரிக் கப்பலுக்கு இடம் மாறியது. நெடுந்தீவில் இருப்பவர்களுக்கு அந்த இடமாற்றம்கூடக் கிடைக்கவில்லை. தேசிய மின்வலையமைப்பு எட்டாத அந்தத் தீவில் மின்பிறப்பாக்கிகளுக்கான டீசலே கடல் தாண்டித்தான் போக வேண்டும்.

இனித் தொகுதிக்கு வருகிறேன்.

விளைச்சலில் குறை சொல்ல இடமில்லை. மாசி தொடக்கம் புரட்டாதி வரை, முகில் இல்லாத நாளில் 38 முதல் 42 அலகு வரை வருகிறது. கிலோவாற் ஒன்றுக்கு நாளொன்றுக்கு நான்கு அலகு என்று விற்பனையாளர் சொன்ன கணக்கு ஆண்டுச் சராசரியில் சற்றுக் குறைந்தாலும் பொய்யாகவில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாரியில் பத்து அலகைத் தாண்டாத நாட்கள் உண்டு; அந்த மாதங்களை நம்பி யாரும் கடன் தவணை குறிக்க வேண்டாம். இதில் நான் எதிர்பாராத ஒரு பொருத்தம் இருக்கிறது. சோளகம் வீசும் மாதங்களில் நுரைச்சோலையில் நிலக்கரி இறக்க முடியாது. எங்கள் பனல்கள் நன்றாக உழைப்பதும் அதே மாதங்களில்தான். மாரியில் எங்கள் விளைச்சல் சரியும்போது அங்கே கப்பல்கள் வந்து நிற்கும் காலம் தொடங்கிவிடும். வெயில் கூடக் கூட மின்சாரமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. பனல் சூடேறினால் அதன் திறன் குறையும். காற்றே இல்லாத சித்திரை நண்பகலைவிட, சோளகக் காற்று கூரையைத் தடவிப் போகும் ஆனி மாத நண்பகலில் எங்கள் இன்வேட்டர் கூடிய எண்ணைக் காட்டுகிறது.

ஆனால் அந்தச் சோளகமே இணுவில் செம்மண்ணையும் அள்ளி வந்து பனலில் பூசிவிடுகிறது. பத்து நாள் கழுவாமல் விட்டால் நாளொன்றுக்கு மூன்று நான்கு அலகு குறைவதை நானே குறித்து வைத்திருக்கிறேன். கிணற்று நீரால் கழுவினோம். எங்கள் ஊர்க் கிணறு சுண்ணாம்புக் கல்லில் ஊறும் நீர். கேத்திலில் படியும் அதே வெள்ளைப் படிவு கண்ணாடியிலும் வட்டம் வட்டமாகப் படிந்தது. பின் விநாகிரி கலந்த நீரால் துடைத்துத்தான் அதை எடுக்க முடிந்தது. இப்போது மாரியில் பீப்பாயில் பிடித்த மழை நீரைக் கடைசி அலசலுக்கு வைத்திருக்கிறோம். அது இல்லாதபோது, கழுவிய கையோடு ரப்பர் பட்டையால் நீரை வழித்து இறக்கிவிடுகிறோம். காலை ஏழு மணிக்கு முன் கழுவ வேண்டும். சூடான கண்ணாடியில் தண்ணீர் அடிப்பது நல்லதல்ல. இவற்றில் எதையும் நிறுவனத்தார் சொல்லித் தரவில்லை. யாழ்ப்பாணத்தில் வியாபாரம் செய்பவர்களுக்கு யாழ்ப்பாணத்து நீர் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் பெரிய குறை, பனல்களைத் தொடுத்த விதத்தில் இருந்தது. ஆலைக்கு மேற்கே பக்கத்து வளவில் ஒரு தென்னை நிற்கிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அதன் ஓலை நிழல் மேற்கு வரிசையில் இரண்டு பனல்களில் விழும். பதினெட்டையும் ஒரே தொடராக இணைத்திருந்தார்கள். தொடரில் ஒன்று நிழற்பட்டால் அது மற்றவற்றின் ஓட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். தொலைபேசிச் செயலியில் காட்டும் வரைபடம் மூன்றேகாலுக்குப் படிக்கட்டில் இருந்து தவறி விழுந்ததைப்போல் இறங்கும். இன்வேட்டரில் இரண்டு தனித்தனி உள்ளீடுகள் இருந்தும் ஒன்றையே பயன்படுத்தியிருந்தார்கள். இரண்டு மாதம் விடாமல் கேட்ட பின், மேற்கு வரிசையைத் தனித் தொடராகப் பிரித்து இரண்டாம் உள்ளீட்டில் இணைத்துத் தந்தார்கள். மேலதிகப் பணம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதன் பின் பிற்பகல் விளைச்சல் தெளிவாக மேம்பட்டது. தென்னையை வெட்டச் சொல்லிக் கேட்கலாமே என்று அந்த நிறுவனத்தில் ஒருவர் சொன்னார். காய்க்கிற தென்னையை வெட்டச் சொல்லி அயலாரிடம் கேட்க எனக்கு வாய் வராது.

இரண்டாவது, இன்வேட்டரை வைத்த இடம். ஆலைக்குள்ளேயே, மிளகாய் இயந்திரத்திலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிச் சுவரில் பொருத்தினார்கள். அது பாதுகாப்பான இடம் என்பது அவர்களின் எண்ணம். மூன்றாம் மாதம் இன்வேட்டர் சூடேறித் தானாக நின்றது. மூடியைக் கழற்றியபோது, விசிறியின் இதழ்களிலும் குளிர்விக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்குகளிலும் செக்கச்சிவந்த மிளகாய்த்தூள் பஞ்சுபோல் அடைந்திருந்தது. தூரிகையால் தட்டிய பையனுக்குக் கண் இரண்டும் எரிந்து, கிணற்றடிக்கு ஓட வேண்டியதாயிற்று. இப்போது அது ஆலைக்கு வெளியே, வடக்கு விறாந்தையில், மழைச்சாரல் படாத உயரத்தில் இருக்கிறது. அதன் பின் ஒருநாளும் சூட்டினால் நிற்கவில்லை. மா, தூள் அரைப்பவர்கள், மரம் அரிபவர்கள், நெல்லுக் குற்றுபவர்கள் எல்லோரும் இதை முதல் நாளே கவனிக்க வேண்டும்.

எனக்கு உண்மையான கோபத்தைத் தந்தது மூன்றாவது குறை. பற்றரி எடுப்பதற்கு நான் ஒத்துக்கொண்டதே, மின்வெட்டு நேரத்திலும் ஆலை ஓடும் என்று அவர்கள் சொன்னதால்தான். முதல் மின்வெட்டில் மிளகாய் மோட்டரின் சுவிச்சைப் போட்டேன். ஓர் உறுமல் எழுந்தது, விளக்குகள் மங்கின, இன்வேட்டர் மொத்தமாக நின்றது. பார்க்க வந்த தொழில்நுட்பவியலாளர், வயதில் சிறியவர், பொய் சொல்லத் தெரியாதவர்: "அக்கா, மோட்டர் எழும்பேக்கை இழுக்கிற கரண்டை இது தாங்காது. விக்கேக்கையே இதை உங்களுக்குச் சொல்லியிருக்க வேணும்." அவர் விளக்கியது இதுதான். பத்துக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது எடுப்பது ஏழரைக் கிலோவாற் அளவு. ஆனால் நின்ற நிலையிலிருந்து நேரடியாகத் தொடங்கும் சில வினாடிகளில் அது ஓட்டத்தில் எடுப்பதைப்போல் ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஸ்டார் டெல்டா முறையில் தொடக்கினாலும் இரண்டு மடங்கு. மின்சார சபையின் பாதைக்கு அது பெரிய விடயமல்ல. பத்துக் கிலோவாற் இன்வேட்டருக்கு அது எல்லை மீறிய சுமை. மேலும், எங்கள் பற்றரி பத்து அலகைச் சேமிக்கும் என்பது உண்மையானாலும், ஒரே நேரத்தில் ஐந்து கிலோவாற்றுக்கு மேல் அதிலிருந்து எடுக்க முடியாது. தண்ணீர்த் தொட்டி பெரிதாக இருந்தாலும் குழாய் சிறிதானால் எவ்வளவு வேகமாக நீர் வரும்? பற்றரி வாங்குபவர்கள் கொள்ளளவை மட்டும் கேட்கிறார்கள். வெளிவிடும் திறனைக் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

தீர்வு இருந்தது. வி.எப்.டி. என்று அழைக்கப்படும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றித் தரும் கருவியை மோட்டருக்கு முன் பொருத்தினால், மோட்டர் மெதுமெதுவாக வேகமெடுக்கும்; தொடக்க இழுவை இராது. அதற்கு மேலும் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் செலவாயிற்று. முதலே சொல்லியிருந்தால் அதைக் கணக்கில் சேர்த்தே கடன் எடுத்திருப்பேன். பின்னர் கைமாற்று வாங்க வேண்டி வந்தது.

2025 மாசி 9 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் போனபோது அந்தச் செலவின் பெறுமதி தெரிந்தது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறு நாட்டையே இருட்டாக்கியது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோய் மீண்டும் ஓட நாட்கள் எடுத்ததால், அடுத்து வந்த நாட்களிலும் முறைவைத்து மின்வெட்டு நடந்தது. அன்று ஆலையில் நான்கு பேர் அரைக்கக் காத்திருந்தார்கள். நல்ல வெயில். பனல்கள் எட்டுக் கிலோவாற் வரை தந்துகொண்டிருந்தன. வி.எப்.டி.யில் வேகத்தைக் குறைத்து வைத்து மோட்டரை எழுப்பினோம். குறைந்த வேகத்தில் தூள் சற்றுப் பரும்படியாக வந்ததால் எல்லாவற்றையும் இரண்டாம் தடவை போட்டு அரைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் நால்வரும் தூளோடு வீடு போனார்கள். பற்றரியும் ஹைபிரிட் இன்வேட்டரும் இல்லாத சாதாரண சோலர் வைத்திருந்த அயல் ஆலையில், அத்தனை வெயிலிலும் ஒரு விளக்குக்கூட எரியவில்லை. பாதையில் மின்சாரம் இல்லாதபோது அத்தகைய இன்வேட்டர் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. சோலர் இருந்தால் மின்வெட்டு இல்லை என்று நம்பி வாங்குபவர்கள் இதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக் கிழமையில், 13 ஆம் திகதி முதல் 21 வரை, பிற்பகல் மூன்று மணி வரை கூரைச் சோலர்களை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் பூட்டியிருக்கும் விடுமுறையில் பகல் நேரத் தேவை குறையும். நிலக்கரி இயந்திரங்களை நினைத்தவுடன் குறைக்கவும் நினைத்தவுடன் கூட்டவும் முடியாது. அவற்றை ஓடவிட்டு வெயிலை நிறுத்த வேண்டியதாகிறது. ஆலை பூட்டியிருந்ததால் எனக்கு அதில் பெரிய இழப்பில்லை, நிறுத்தியும் வைத்தேன். ஆனால் டொலர் கொடுத்து வாங்கிய கரி எரிந்துகொண்டிருக்க, விலையில்லாத வெயில் கூரையில் வீணாவதைப் பார்த்தபோது மனம் ஒப்பவில்லை. வலையமைப்பில் பெரிய பற்றரிகள் சேர்க்கப்படும் வரை இது தொடரும்.

பணக் கணக்கு. 2023 ஐப்பசிக் கட்டணத்தை வைத்து, ஐந்து ஆண்டுகளில் போட்ட முதல் திரும்பும் என்று ஒரு தாளில் எழுதித் தந்தார்கள். ஆனால் 2024 பங்குனியில் 21.9 சதவீதம், ஆடியில் 22.5 சதவீதம், 2025 தையில் 20 சதவீதம் என்று கட்டணம் மூன்று தடவை இறங்கியது. மூன்றும் சேர்ந்தால் சராசரிக் கட்டணம் ஏறத்தாழ பாதி. பின் 2025 ஆனியில் 15 சதவீதம் ஏறியது. அந்தக் கட்டணப்படி எட்டு ஆண்டுகள் செல்லும் என்பது என் கணக்கு. மிகுதியாகும் மின்சாரத்தை அலகு 37 ரூபாய்க்கு வாங்கும் ஒப்பந்தம் எங்களுக்குக் கிடைத்ததால்தான் அதுவும். 2024 இல் புதியவர்களுக்கு அது 27 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. ஆகவே இப்போது வாங்குபவர்கள் எங்கள் கணக்கைத் தங்கள் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பற்றரி மட்டும் தனியே பார்த்தால் தன் விலையைத் தானே உழைக்காது. அதை மின்வெட்டுக்கான காப்புறுதியாகக் கருதுபவர்கள் வாங்கலாம்.

அப்படியிருந்தும் இந்தத் தொகுதியை நான் நல்லது என்றே சொல்கிறேன். அதற்கான காரணம் இலாபம் அல்ல. எங்கள் 900 அலகில் மூன்றிலொரு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது என்று கொண்டால், இந்தச் சிறிய ஆலைக்காக மாதம் 120 கிலோ நிலக்கரி, ஏறக்குறைய இரண்டரை மூட்டை, எங்கோ ஒரு தேசத்தில் வெட்டப்பட்டுக் கப்பலேறி வந்துகொண்டிருந்தது. அந்த இரண்டரை மூட்டையின் விலையையும் கூலியையும் நிர்ணயிப்பவர்கள் என் வாடிக்கையாளர்களின் முகத்தை ஒருபோதும் காணப்போவதில்லை. இன்று ஆலையின் பகல் ஓட்டத்தில் பெரும்பகுதி கூரையிலிருந்தே நடக்கிறது. பத்து மணி முதல் இரண்டு மணி வரை பெரிய மோட்டரை ஓட்டுவதென்று வேலை நேரத்தையும் மாற்றிக்கொண்டோம். 2025 ஆனி ஏற்றத்தின்போது அரைகூலிப் பலகையை நான் தொடவில்லை. மல்லியை மடியில் எடுத்து வைத்த அந்த அம்மா இப்போது இரண்டையும் அரைக்கத் தருகிறார்.

ஆலை வைத்திருப்பவர்கள் வாங்குமுன், ஒவ்வொரு மோட்டரின் பெயர்த் தகட்டையும் படம் எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பி, மின்வெட்டில் அவற்றில் எது ஓடும், எது ஓடாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். வி.எப்.டி. தேவையானால் அதன் விலை முதல் மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கும் கூரையில் எங்கே நிழல் விழுகிறது என்பதை அவர்களைக் கூரையில் ஏற்றிக் காட்டுங்கள். முன்பு பொருத்திய இடம் ஒன்றுக்குக் கூட்டிப்போகச் சொல்லி, அங்குள்ளவரிடம் தனியாகப் பேசுங்கள்.

பொருத்திய பிள்ளைகளின் கைவேலை சுத்தமானது. கம்பிகள் எல்லாம் குழாய்க்குள். தகரக் கூரையில் ஆணி அடித்த இடங்களில் ஒரு மாரி கழிந்தும் ஒழுக்கு இல்லை. அழைத்தால் வருகிறார்கள், ஆனால் இரண்டு மூன்று நாள் பிந்தித்தான். பனலுக்கு 25 ஆண்டு, பற்றரிக்குப் பத்து ஆண்டு, இன்வேட்டருக்கு ஐந்து ஆண்டு உத்தரவாதம் தந்திருக்கிறார்கள். அந்தப் பத்திரங்கள் மூன்றும் ஆங்கிலத்தில் மட்டுமே உள்ளன. எந்தெந்தக் காரணங்களால் உத்தரவாதம் இழக்கப்படும் என்ற பகுதியையாவது தமிழில் எழுதித் தாருங்கள் என்று வைகாசியில் கேட்டேன். தருவதாகச் சொன்னார்கள், இன்னும் வரவில்லை.